மாஸ்டரின் வலது கால்

மாஸ்டரின் வலது கால் சும்மா இருக்காது. சாப்பாட்டு மேசைக்கு அடியிலும், பல் டாக்டரின் நாற்காலியிலும், டி.வி.யில் முன்பின் தெரியாத யாரோ மாடிப்படி இறங்கும்போதும், எங்கே ஆபத்து வரும்போல் இருந்தாலும் அது தரையை ஓங்கி ஒரு மிதி மிதிக்கும். கீழ்வீட்டுக்காரர் முதலில் சண்டைக்கு வந்தார். பிறகு, மேலே மாஸ்டர் படம் பார்க்கிறார் என்று பழகிக்கொண்டார்.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஓட்டக் கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து இருக்கையிலேயே ஆயுளில் பாதி கழிந்தது. அந்த இருக்கைக்கு முன்னால் ஸ்டியரிங் கிடையாது. காலடியில் தனியாக ஒரு பிரேக் மட்டும் வைத்திருப்பார்கள். இளவயதில் ஷெட்டில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவரை, பழைய மாஸ்டர் வராத ஒரு நாளில் முதலாளி பிடித்து அந்த இருக்கையில் உட்கார வைத்தார். முதல் மாணவர், முதல் திருப்பம். வண்டி திரும்பாமல் நேராகப் போய்ப் பூக்கடைக்குள் நுழைந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் பூனை சூடு கண்டது கண்டதுதான். அன்றிலிருந்து, மாணவர் பயப்படுவதற்கு முன்னால் மாஸ்டர் பயந்துவிடுவார். மாணவரின் கால் பிரேக்கைத் தேடுவதற்குள் இவர் கால் அழுத்தி முடித்திருக்கும்.

அவர் பக்கத்தில் இருந்தவரை யாரும் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. ஆனால் தேர்வு நாளில் அவர் பக்கத்தில் இருக்க மாட்டாரே. வண்டி தன்னால் நின்றுவிடும் என்று நம்பிப் பழகியவர்கள் சிவப்பு விளக்கை நிம்மதியாகத் தாண்டிப்போய்த் தோற்றுவிட்டு வந்தார்கள். அப்படித் திரும்பத் திரும்பத் தோற்ற ஒருத்திதான் பிற்பாடு அவருக்கு மனைவியானாள்.

"லைசென்ஸ் கிடைக்கல, மாஸ்டர் கிடைச்சார்," என்று யார் கேட்டாலும் சொல்வாள். "சரி, ஆயுசுக்கும் பக்கத்து சீட்டுல இருந்து மிதிக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவளுக்கு ரயில் நிலையத்தில் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது இன்றைக்கு வரவே வராது என்று ஒலிபெருக்கியில் சொல்வாள். நிலையத்தில் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர். வண்டி தாமதம் என்பதைக்கூட, கேட்பவர் கோபிக்க மறந்துபோகும் குரலில் சொல்லுவாள். வீட்டிலும் அந்தத் தோரணை விட்டுப் போகவில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, குளியலறையிலிருந்து புறப்பட வேண்டிய மாஸ்டர் இன்னும் புறப்படவில்லை," என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னால் மாஸ்டர் சோப்பும் நுரையுமாகச் சிரிப்பார்.

நோய் முதலில் அந்தக் குரலில்தான் கை வைத்தது. அறிவிப்பு கேட்கவில்லை என்று பயணிகள் புகார் சொன்னார்கள். நிலையத்தார் ஒலிபெருக்கியை மாற்றினார்கள். பிறகு மைக்கை மாற்றினார்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலவே வந்தது. அடுத்து அவளுடைய கையெழுத்து சிறுத்து எறும்பு வரிசையாயிற்று. அப்புறம் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எந்நேரமும் இல்லாத நூல் ஒன்றை முறுக்கிக்கொண்டே இருந்தன. டாக்டர் அதற்குப் பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார். பெயர் தெரிந்ததும் மாஸ்டருக்குத் தூக்கம் போயிற்று. அவளுக்கு, பெயராவது தெரிந்ததே என்று தூக்கம் வந்தது.

கால் நின்றுபோவதுதான் மாஸ்டரை அதிகம் ஆட்டிவைத்தது. நன்றாக நடந்துகொண்டிருப்பவள் ஒரு வாசற்படியிலோ, குறுகலான இடத்திலோ, ஒரு திருப்பத்திலோ சட்டென்று நின்றுவிடுவாள். பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். "சிக்னல் விழல, கொஞ்சம் இருங்க," என்பாள். இருக்க முடிந்தால் அவர் ஏன் மாஸ்டர்? கையைப் பிடித்து இழுப்பார். உடம்பு வரும், கால் வராது.

அப்படித்தான் ஒரு மழைநாளில் குளியலறை வாசலில் விழுந்தாள். அவர் சமையலறையில் இருந்தார். சத்தம் கேட்டபோது அவருடைய கால் தரையை மிதித்தது. அதனால் யாருக்கு என்ன பயன்? மணிக்கட்டு முறிந்திருந்தது.

வெளிநாட்டிலிருக்கும் மகன் அன்றைக்கே போனில் வந்தான். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லம் இருந்தது. சுவரெல்லாம் பிடிமானக் கம்பி, கூப்பிட்ட குரலுக்கு ஆள். ஆனால் அறை நோயாளிகளுக்கு மட்டும்தான். அப்பா தன்னோடு தங்கி, சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றான். மாஸ்டர் போனைப் பிடித்தபடி மனைவியைப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து அவளைச் சாயங்காலத்தில் மட்டும் பார்த்துப் பழக்கமில்லை அவருக்கு.

அவள் போனை வாங்கினாள். "இன்னொரு தடவ விழுந்தா நானே பெட்டி கட்டிக்கிட்டு வர்றேன்டா. அதுவரைக்கும் இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது."

"சத்தியமா?"

"உங்கப்பா மேல சத்தியம். அவர் எங்க விழப்போறார்."

மகன் ஒப்புக்கொண்டான். ஆனால் தாயின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், உள்ளூரில் இருக்கும் சித்தியைக் காவலுக்கு வைத்தான். அவள் மைக்கம்மாவின் தங்கை. குடும்பத்தில் அவளுக்குத் தந்தி என்று பெயர். இங்கே பால் பொங்கினால் அங்கே சேதி போய்விடும்.

மணிக்கட்டு கூடியதும் அவள் சேர்ந்த இடம் ஒரு நடன வகுப்பு. சனிக்கிழமை காலைகளில், ஏரிக்கரைப் பூங்காவில், இதே நோய் உள்ளவர்களுக்காக ஒரு டீச்சர் நடத்தியது. முதலில் ஒரு மண்டபத்தில்தான் நடத்தினாராம். மண்டபத்துக்குக் கதவு உண்டே. வந்தவர்களில் பாதிப் பேர் வாசலிலேயே ஒட்டிக்கொண்டு, முதல் பாட்டு முடிந்தபிறகுதான் உள்ளே வந்து சேர்ந்தார்கள். கதவே வேண்டாம் என்று டீச்சர் எல்லோரையும் புல்வெளிக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"மண்ணுல மேடு பள்ளம் இருக்கும். மர வேர் இருக்கும். நாய் வரும்," என்றார் மாஸ்டர்.

"டைல்ஸ் தரையில மேடு பள்ளம் இல்லதான். அங்கதான் விழுந்தேன்."

அவர் தோற்றுப்போய்க் கூடவே போனார். ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லோருக்கும் முன்னால் போய்ப் புல்வெளியைக் குனிந்து பார்த்துக் கல் பொறுக்கினார். ஆட்டம் தொடங்கியதும் மனைவிக்குப் பின்னால், விழப்போகும் பானையைப் பிடிக்கிறவர்போல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். அவள் இடப்பக்கம் போனால் அவரும் போனார். அவள் திரும்பினால் அவர்மேல் மோதினாள்.

கூட்டத்தில் ஒரு கறிக்கடைக்காரர் இருந்தார். மலைபோல் உடம்பு, இலைபோல் நடுக்கம். "ஏன் மாஸ்டர், அம்மா பின்னாடி எல் போர்டு ஏதாவது தொங்குதா?" என்றார்.

டீச்சர் அவ்வளவு வளைத்துப் பேசவில்லை. "ஐயா, ஒண்ணு ஆடுங்க, இல்ல பெஞ்சுல உக்காருங்க. நடுவுல நிக்காதீங்க. அவங்க பாட்டைக் கேக்காம உங்க மூச்சைக் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சின் அடியில் புல் இருந்த இடம் சில வாரத்தில் வழுக்கையானது.

பாட்டு வந்துவிட்டால் அவள் கால் வேறு காலாக இருந்தது என்பதை அவரும் பார்த்தார். வீட்டில் அரைப் பாதம் அரைப் பாதமாக நகர்கிறவள், தாளத்துக்கு முழுப் பாதமும் தூக்கிவைத்தாள். ஆனால் மகிழ்ச்சியைக் காட்டிலும் கவலைதான் அவருக்கு முந்திக்கொண்டு வந்தது. இவ்வளவு தூக்கி வைத்தால் விழுவதும் அவ்வளவு பலமாகத்தானே இருக்கும்?

வருடத்துக்கு ஒரு முறை அந்த வகுப்பு ஊர்மக்களையும் ஆடக் கூப்பிடும். நோயுள்ளவர், இல்லாதவர், தள்ளுவண்டிக் குழந்தை, யார் வேண்டுமானாலும் வரலாம். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக நீண்ட வரிசை கட்டிப் புல்வெளியைச் சுற்றி ஆடுவார்கள். வரிசையின் தலையில் போகிறவர் கையில் ஒரு சின்ன மைக்கை வைத்துக்கொண்டு, அடுத்த அடி என்ன என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். இந்த வருடம் டீச்சர் அந்த மைக்கை மைக்கம்மாவிடம் கொடுத்தார்.

"தலையில போறவங்களுக்கு முன்னாடி புடிச்சுக்க ஆளே இருக்காதே," என்றார் மாஸ்டர்.

"ரயிலுக்கு முன்னாடி யாராவது புடிச்சுக்கிட்டா போறாங்க?" என்றாள் அவள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்திருந்தது. அந்த நோயில் முகம் மலர்வது அவ்வளவு லேசு இல்லை. அதனால் அவர் ஒப்புக்கொண்டார்.

ஆட்டத்தன்று காலை அவர் சமையலறையில் நுழைந்து மூன்று முட்டை அவித்தார். ஒரு டம்ளர் பால் காய்ச்சினார். வழக்கமாக அவள் மாத்திரையை வெறும் தண்ணீரில் போட்டுக்கொண்டு, வெகுநேரம் கழித்துத்தான் ஏதாவது சாப்பிடுவாள். முட்டை, பால், கறி மாதிரி புரதச் சத்துள்ள எதுவும் மாத்திரையோடு உள்ளே போனால் மாத்திரையை வேலை செய்ய விடாது என்று டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். மாஸ்டர் அதை மறந்துவிடவில்லை. ஆனால் அது அன்றாடத்துக்குச் சொன்னது, இன்றைக்கு இவ்வளவு தூரம் ஆட வேண்டுமே, காலில் தெம்பு வேண்டாமா என்று பயம் அவருக்குள் உட்கார்ந்து வாதாடியது. பயம் வாதாடினால் டாக்டர் எந்த மூலைக்கு?

"இது வேணாங்க," என்றாள்.

"வெறும் வயித்தோட ஆடித் தலை சுத்தி விழுந்தா? ரெண்டு வாய் சாப்பிடு."

"மாத்திர வேல செய்யாது."

"ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது. என் நிம்மதிக்காகச் சாப்பிடு."

அவர் நிம்மதிக்காக அவள் சாப்பிட்டாள். வாதாட மூச்சு செலவாகும். அந்த மூச்சை மைக்குக்கு வைத்துக்கொண்டாள்.

பூங்காவில் நினைத்ததைவிடக் கூட்டம். தந்தி ஏற்கெனவே வந்து, மகனைப் போனில் அழைத்துப் படத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். "தோ பாரு, உங்கம்மா. மைக்கோட நிக்கறா. ஆமா, அத்தானும் இருக்கார். முகம்தான் பேயறைஞ்ச மாதிரி இருக்கு. அது எப்பவும் இருக்கறதுதானே."

மாஸ்டர் தன் பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. "வலது கால் முன்னால, இடது கால் கூட," என்று ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. சன்னமாக இருந்தாலும் தோரணை அப்படியே இருந்தது. வரிசை கிளம்பியது. அவளுக்குப் பின்னால் கறிக்கடைக்காரர், அவருக்குப் பின்னால் அவர் மனைவி, பிறகு வகுப்பில் உள்ளவர்கள், அதற்குப் பிறகு ஊரார். முதல் பாட்டு முடிந்து இரண்டாவது வந்தது. கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "அந்த அம்மாவுக்கு நோய்னு சொன்னா நம்ப முடியல," என்றார். மாஸ்டர் அவள் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது பாட்டில் அடி சிறுத்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு முழம் போன கால் ஒரு சாண் போயிற்று, பிறகு அரைச் சாண். அவருக்குச் சட்டென்று உறைத்தது. முட்டை. மாத்திரையின் வேலை முடிகிற நேரம் இது அல்ல. அது வேலையைத் தொடங்கவே இல்லை. அவர்தான் தொடங்க விடவில்லை.

புல்வெளியின் நடுவில் அவள் நின்றாள். கறிக்கடைக்காரர் அவள் முதுகில் இடிக்காமல் எப்படியோ நின்றார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக, கூட்ஸ் வண்டி நிற்பதுபோல், வரிசை முழுவதும் நின்றது. பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

மாஸ்டர் எப்போது எழுந்தார், எப்போது ஓடினார் என்று அவருக்கே தெரியாது. அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "வா, வா, ஒரு அடி, வந்துடு," என்றார். உடம்பு வந்தது. கால் வரவில்லை. அவள் மெல்ல முன்னால் சாய்ந்தாள். அவள் ஏதோ சொன்னாள். பாட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். அவள் மைக் இருந்த மறு கையைச் சிரமப்பட்டு வாய்க்குக் கொண்டுபோனாள்.

"மாஸ்டர் அவர்கள் என் கையை விடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்," என்றது பூங்காவின் நான்கு மூலையிலிருந்தும் அவள் குரல்.

கூட்டம் சிரித்தது. மாஸ்டருக்குச் சிரிப்பு கேட்கவில்லை. விட்டால் விழுவாள். விழுந்தால் பெட்டி கட்ட வேண்டும். பிடித்தாலும் விழுவாள்போலத்தான் இருந்தது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். அவள் முன்னும் பின்னும் அசைந்து, நிமிர்ந்து நின்றாள்.

"காலைக் குறுக்க வைங்க," என்றாள். இதுவும் மைக்கில்தான்.

அவருக்குப் புரியவில்லை. பின்னாலிருந்த கறிக்கடைக்காரர்தான் சொன்னார். "உங்க காலை அம்மா பாதத்துக்கு முன்னாடி குறுக்க வைங்க மாஸ்டர். தாண்ட ஏதாவது கண்ணுல பட்டா நின்ன கால் கிளம்பிடும். வீட்டுல என் சம்சாரம் அப்படித்தான் செய்யறா. சில நாள் வேணும்னே வைக்கறா."

நடக்க முடியாதவள் காலுக்குக் குறுக்கே கால் வைப்பதா? மாஸ்டரின் ஆயுளில் அதைவிடத் தப்பான ஒன்றை அவரிடம் யாரும் கேட்டதில்லை. வலது காலை நீட்டி அவளுடைய விரல்களுக்கு முன்னால் வைத்தார். அவள் நோய்க்கு அவர் கால் நடுங்கியது.

அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முட்டியைத் தூக்கி, தாண்டி வைத்தாள்.

"இன்னொண்ணு."

அவர் ஒரு அடி பின்வாங்கி மறுபடி வைத்தார். தாண்டினாள். மறுபடி பின்வாங்கினார், வைத்தார், தாண்டினாள். வரிசை பின்னால் அசைந்து கிளம்பியது. யாரோ தாளத்துக்குக் கைதட்டினார்கள். எல்லா மாணவர்களிடமும் பின்னால் பார், பின்னால் பார் என்று தொண்டை வற்றச் சொன்னவர், அவள் பாதத்தைத் தவிர வேறு எதையும் பாராமல் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். புல்லுக்குத் தண்ணீர் விடும் குழாயின் தலை ஒன்று தரைக்கு மேலே கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தது. கல் பொறுக்கியவர் அதைப் பொறுக்க முடியுமா? குதிகால் அதில் தட்டியது. மாஸ்டர் மல்லாக்க விழுந்தார்.

வானம் தெரிந்தது. கணுக்காலில் சுரீர் என்றது. அவளுடைய செருப்பு அவர் கெண்டைக்காலைத் தாண்டி அப்பால் போனது. "வலது கால் முன்னால," என்றது ஒலிபெருக்கி.

எழுந்திருக்கப் பார்த்தார்.

"மாஸ்டர், காலை எடுத்துடாதீங்க. நான் இன்னும் தாண்டல," என்றார் கறிக்கடைக்காரர். மலை அவரைத் தாண்டிப் போயிற்று. அடுத்து கறிக்கடைக்காரரின் மனைவி, "மன்னிச்சுக்குங்க அண்ணே," என்று சொல்லித் தாண்டினார். அடுத்தவர் கொஞ்ச நேரம் நின்று, அவர் முட்டியையே உற்றுப் பார்த்து, பிறகு தாண்டினார். நின்று போயிருந்தவர்களுக்கெல்லாம் அவர் கால்தான் அப்போது வழி. காலை மடக்கினால் யாராவது தடுக்கி விழுவார்கள். அசையாமல் கிடந்தார். அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்க்க வழி இல்லை. கால்களும் பாவாடைகளும் பேண்ட்டுகளும் மறைத்தன. ஒலிபெருக்கியை மட்டும் காது கொடுத்துக் கேட்டார். "இடது கால் கூட." நிற்கிறாள். "கை ரெண்டும் மேல." நிற்கிறாள். பிறகு ஒன்றும் வரவில்லை.

"அவ நிக்கறாளா?" என்று சத்தமாகக் கேட்டார். தாண்டிக்கொண்டிருந்தவர்கள் தாண்டுவதில் கவனமாக இருந்தார்கள்.

கடைசி ஆள் போனதும் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். புல்வெளியின் மறுகோடியில், ஏரியை ஒட்டி வரிசை திரும்ப வேண்டிய இடத்தில், அவள் மறுபடி நின்றிருந்தாள். அவள் முன்னால் யாரும் இல்லை. கறிக்கடைக்காரர் இரண்டு ஆள் தூரம் பின்தங்கியிருந்தார். டீச்சர் இந்தப் பக்கம் யாரோ ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் எழப் பார்த்தார், கணுக்கால் ஒத்துழைக்கவில்லை. கூப்பிடலாம். வாயைத் திறந்தார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். திரும்பும்போதுதான் விழுவாள். திறந்த வாயோடு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அவள் உடம்பை இடப்பக்கம் சாய்த்தாள். பிறகு வலப்பக்கம். ஊஞ்சல் விசை பிடிப்பதுபோல் மறுபடி இடம், மறுபடி வலம். நான்காவது சாய்விலோ ஐந்தாவதிலோ இடது கால் தரையிலிருந்து விடுபட்டது. திரும்பினாள். சின்னச் சின்ன அடியாக, ஏரிக்கரை ஓரமாக, கைகளைக் கொஞ்சம் அகல வைத்துக்கொண்டு வந்தாள். மைக்கில் அவள் மூச்சு கேட்டது. அதன்பின், "இடது கால் முன்னால," என்றது ஒலிபெருக்கி. மாஸ்டர் தன் கைகளைப் பார்த்தார். இரண்டிலும் வேரோடு பிடுங்கிய புல் இருந்தது.

தந்தி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "பேசுங்க அத்தான். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறான்."

"அப்பா, யாரோ விழுந்தாங்களே, படம் ஆடுச்சு. யாரு, அம்மாவா?"

"நான்தான்டா."

"நீங்களா?" என்றான் மகன். "அம்மா?"

"அம்மா விழல."

"நடுவுல நின்னுட்டாங்கன்னு சித்தி சொன்னாங்க. மாத்திர போட்டாங்களா இல்லையா?"

"போட்டா. நான்தான் முட்டையும் பாலும் குடுத்துக் கெடுத்தேன்." அவர் மறு கையிலிருந்த புல்லை உதறினார். "அவ வேணாம்னுதான் சொன்னா."

"அப்பா, இன்னைக்கு மாத்திர வேல செய்யலன்னா எப்ப வேணாலும் விழுவாங்கப்பா. போதும். உடனே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. மாஸ்டருக்கும் அதேதான் தொண்டை வரை வந்து நின்றது. அவள் சுற்றை முடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள். வியர்த்திருந்தது. மைக் பிடித்த கை ஆடியது. அவரைப் பார்த்தாள், அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தாள், மைக்கைத் தாழ்த்தி, "எலும்பு ஏதாவது போச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல. வீக்கம்தான்."

"அப்ப இருங்க. இன்னும் ஒரு பாட்டு இருக்கு."

போனில் மகன், "அப்பா, கேக்குதா?" என்றான்.

"கேக்குது," என்றார் மாஸ்டர். "இன்னும் ஒரு பாட்டு இருக்காம்டா. முடிஞ்சதும் கூப்பிடறேன்."

தந்தியிடம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீங்கிய காலைப் புல்லில் நீட்டி வைத்துக்கொண்டார். பாட்டு தொடங்கியது. முந்தியதைவிட வேகமான பாட்டு.